மூலநிரலிலிருந்து மென்பொருள் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அடுத்த வன்னிப் பகுதியிலும் கணினியியல் பயிலும் மாணவர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், கணினி ஆய்வுகூடங்களைப் பராமரிப்போருக்கும்,



மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவிலுள்ள செய்நிரல் மூலநிரல் எனப்படும். அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் அனுமதிக்குமாயின் அது திறந்த மூல மென்பொருள் ஆகிறது. எனினும் அந்த உரிமை, மூலநிரலைத் தம் கணினியில் இயங்கும் மென்பொருளாக மாற்றத் தெரிந்தவருக்கே முழுமையாகப் பயன்படுகிறது. இம்மாற்றத்தையே கட்டுதல் என்கின்றனர். இறக்கிய மூலநிரலுக்கும் இயங்கும் மென்பொருளுக்கும் இடையில் நேரும் தடைகளே இம்மடலின் பொருள். அத்தடைகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் எழுவன அல்ல என்பதும், எந்தக் கட்டத்தில் பிழை தோன்றியது என்பதை அறியாமல் திருத்த முற்படுவதே மாணவரைச் சோர்வடையச் செய்கிறது என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகின்றன.

இத்திறன் குடாநாட்டிற்கு ஏன் தேவை என்பது முதலில் விளக்கப்பட வேண்டும். 1841 இல் உதயதாரகை இதழ் வெளிவரத் தொடங்கிய மண் இது. ஈழநாடு செய்தித்தாள் 1959 முதல் இங்கிருந்து அச்சேறியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றையும் இல்லங்களில் ஒளிந்து கிடந்தவற்றையும் மின்வருடி எண்ணிம வடிவில் காக்கும் பணியைத் தன்னார்வலர்கள் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்றுவரை செய்து வருகிறது. ஆனால் மின்வருடிய பக்கம் வெறும் படமே. அதில் ஓர் ஊரின் பெயரையோ ஓர் ஆசிரியரின் பெயரையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி இனங்கண்டு உரையாக மாற்ற வேண்டும். அதனைச் செய்யும் மென்பொருள் எழுத்துணரி எனப்படுகிறது.

திறந்த மூல எழுத்துணரிகளுள் பரவலாக அறியப்பட்டது டெசரக்ட். 1985 க்கும் 1994 க்கும் இடையில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடங்களில் உருவாகி, 2005 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டு, 2006 முதல் கூகுள் நிறுவனத்தின் ஆதரவுடன் வளர்ந்த இம்மென்பொருள், 2018 இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலையமைப்பு முறையைக் கையாள்கிறது. தமிழுக்கான பயிற்சித் தரவும் அதனுடன் கிடைக்கிறது. ஆயினும் அந்தத் தரவு பெரும்பாலும் இக்காலக் கணினி எழுத்துருக்களைக் கொண்டு உருவாக்கப்பட்டமையால், தமிழ்நாட்டில் 1978 இல் அரசாணையால் ஏற்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சுகளைப் படிக்கும்போது அது தடுமாறுகிறது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவங்களும் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்களும் அதற்குப் பழக்கமில்லாதவை. யாழ்ப்பாணத்து அச்சகங்களின் பழைய ஈயவெழுத்துகளைப் படிக்க எழுத்துணரிக்கு மேலும் பயிற்சி கொடுக்க வேண்டும். அப்பயிற்சியைக் கொடுக்க வேண்டியவர் அவ்வெழுத்துகளை அறிந்தவரே. அவர் இங்கேதான் இருக்கிறார்.

இனி இன்னொரு எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெ. சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸ், ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோர் உருவாக்கிய தமிழிமோர்ஃப், ஒரு தமிழ்ச் சொல்லைப் பகுதி, விகுதி, வேற்றுமை, காலம் எனப் பகுத்துக் காட்டும் உருபனியல் பகுப்பாய்வி ஆகும். அதனை விரிவாக விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2021 இல் வெளிவந்தது. இப்பகுப்பாய்வி, மான்ஸ் ஹூல்டன் எழுதிய ஃபோமா என்ற திறந்த மூலக் கருவியின் மீது இயங்குகிறது. ஆகவே, யாழ்ப்பாணத்தவரின் பங்களிப்போடு உருவான ஒரு தமிழ்க் கருவியைத் திருத்த விரும்பும் யாழ்ப்பாண மாணவருக்கும் முதலில் தேவைப்படுவது, வேறொரு நாட்டில் எழுதப்பட்ட கருவியைத் தம் கணினியில் நிறுவி இயக்கும் திறனே.

ஆயத்தப் பொதியாகவே இவை கிடைக்கும்போது கட்டுவானேன் என்ற வினா நியாயமானது. பொதி என்பது, வேறொருவர் முன்னரே கட்டி, நிறுவுவதற்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்திய மென்பொருள். பயன்படுத்துவது மட்டுமே நோக்கமாயின் பொதியே போதும். அதனை விட்டு மூலநிரலைத் தேடி ஓடுவது வீண் உழைப்பு. ஆனால் உபுண்டு 22.04 இன் களஞ்சியம் டெசரக்டின் 4.1.1 ஆம் பதிப்பையே வழங்குகிறது. ஐந்தாம் பதிப்போ அதற்கு முன்னரே, 2021 நவம்பரில், வெளிவந்துவிட்டது. புதிய பதிப்பு வேண்டுவோரும், நிரலில் திருத்தம் செய்ய விரும்புவோரும், தம் திருத்தத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புவோரும் கட்டியே ஆக வேண்டும்.

கட்டும் பணி பொதுவாக ஐந்து கட்டங்களைக் கொண்டது. முதலாவது, மூலநிரலையும் அது சார்ந்திருக்கும் பிற மென்பொருள்களையும் பெறுதல். இரண்டாவது, கொன்ஃபிகர் எனப்படும் ஆய்வுநிரலை இயக்கி, கணினியில் என்னென்ன உள்ளன, என்னென்ன இல்லை என்று அறிதல். மூன்றாவது, மேக் கட்டளை மூலம் தொகுப்பியை இயக்கி, ஒவ்வொரு மூலநிரற் கோப்பையும் இயந்திர மொழியிலான இடைநிலைக் கோப்பாக மாற்றுதலும், பின்னர் இணைப்பி எனும் கருவியால் அவ்விடைநிலைக் கோப்புகளை ஒன்றாகத் தொடுத்தலும். நான்காவது, கிடைத்த மென்பொருளை முறைமையின் உரிய கோப்புறைகளில் வைத்தல். ஐந்தாவது, இயக்கிப் பார்த்தல். மேக் என்ற கருவி 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்பு எதற்குப் பின் மாறியது என்பதைக் கோப்புகளின் நேர முத்திரைகளை ஒப்பிட்டு அறிந்து, மாறியவற்றை மட்டும் மீளக் கட்டுவதே அதன் அடிப்படைக் கருத்து. இக்கருத்து நினைவில் இருத்துதற்குரியது; குடாநாட்டின் மின்வெட்டுகளைப் பற்றிப் பேசுமிடத்தில் இது மீண்டும் வேண்டப்படும்.

பிழைச்செய்தியைப் படிப்பதில் மாணவர் பெரும்பாலும் செய்யும் தவறு, திரையின் அடியில் எஞ்சி நிற்கும் கடைசி வரியைப் படித்து அதனையே தேடுபொறியில் இடுவதாகும். கடைசி வரி, மேக் கட்டளை தன் பணியை நிறுத்திக்கொண்டது என்பதை மட்டுமே அறிவிக்கும். அதில் காரணம் இராது. காரணம் மேலே, முதலாவது பிழை தோன்றிய இடத்தில் இருக்கும். ஒரு பெயரின் வரையறை தொகுப்பிக்குக் கிடைக்காவிட்டால், அதனைப் பயன்படுத்தும் பல இடங்களுக்கும் அது தனித்தனிப் பிழையைச் சொல்லிக்கொண்டே போகலாம். நூறு பிழைகளாகத் தோன்றுபவை பல வேளைகளில் ஒரே பிழையின் விளைவுகளே. ஆகவே கட்டளையின் வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் பதிந்துகொண்டு, பிழை என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடிப் படிப்பதே முறை.

முதற்பிழையின் வடிவம் கட்டத்தையும் காட்டிவிடும். குறித்த பெயருடைய கோப்போ கோப்புறையோ இல்லை என்று தொகுப்பி கூறி, அப்பெயர் புள்ளி எச் என்று முடியுமானால், அது தலைப்புக் கோப்பு ஒன்று இல்லாத குறை. தலைப்புக் கோப்பு என்பது, ஒரு நிரலகத்தில், அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுதியில், என்னென்ன உள்ளன என்று தொகுப்பிக்கு அறிவிக்கும் கோப்பு. உபுண்டு, டெபியன் போன்ற பணிசெயல் முறைமைகள் ஒரே நிரலகத்தை இரு பொதிகளாகப் பிரித்து வழங்குகின்றன: இயக்குவதற்கு வேண்டிய பகுதி ஒன்று, கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் அடங்கிய, டெவ் என்று பெயர் முடியும் பகுதி இன்னொன்று. நிரலகம் ஏற்கனவே இருக்கிறதே என்று மாணவர் மலைத்து நிற்கும் இடம் இதுதான். முதற்பகுதி இருக்கிறது, இரண்டாம் பகுதி இல்லை. மாறாக, பெயர் ஒன்றுக்கு வரையறை காணப்படவில்லை என்று இணைப்பி கூறுமானால், தலைப்புக் கோப்பு கிடைத்தது, நிரலகம் கிடைக்கவில்லை, அல்லது வேறு பதிப்பு கிடைத்தது என்பது பொருள். ஒரே பெயர் பல இடங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று இணைப்பி முறையிடுமானால், பழைய சி மொழி நிரலொன்று, 2020 இல் வெளிவந்த ஜிசிசி தொகுப்பியின் பத்தாம் பதிப்பாலோ அதற்குப் பிந்திய பதிப்பாலோ கட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரைப் பல கோப்புகளில் வரையறுக்கும், முன்பு பொறுத்துக்கொள்ளப்பட்ட வழக்கத்தைப் பத்தாம் பதிப்பு இயல்புநிலையில் ஏற்க மறுத்தது.

பிழைச்செய்தி வழிதவறச் செய்யும் சந்தர்ப்பங்களும் உண்டு. டெசரக்டைக் கட்டும்போது, கொன்ஃபிகர் நிரலின் ஒரு வரியில் இலக்கணப் பிழை இருப்பதாகவும், டெசரக்ட் சார்ந்திருக்கும் லெப்டோனிகா நிரலகத்தின் பெயருக்கு அருகில் எதிர்பாராத குறி இருப்பதாகவும் ஒரு செய்தி தோன்றுவதுண்டு. படிப்பவர் அந்த நிரலைத் திறந்து அவ்வரியைத் திருத்தத் தொடங்குவார். உண்மையில் அந்த வரியில் எவ்விதத் தவறும் இல்லை. கணினியில் உள்ள நிரலகங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் பிகேஜி-கொன்ஃபிக் என்ற சிறு கருவி நிறுவப்படாத நிலையில், கொன்ஃபிகரை உருவாக்கும் ஆட்டோஜென் நிரல் இயக்கப்பட்டிருக்கிறது. விரிவாக்கப்பட வேண்டிய ஒரு சொல் விரிவாக்கப்படாமலே எஞ்சிவிட்டது. அக்கருவியை நிறுவுவதோடு, ஆட்டோஜென் நிரலையும் மீண்டும் இயக்க வேண்டும். கருவியை நிறுவிவிட்டுக் கொன்ஃபிகரை மட்டும் திரும்பத் திரும்ப இயக்குவோர் அதே பிழையையே திரும்பத் திரும்பக் காண்பர்.

இதனினும் கடினமானது, பிழையே தோன்றாத பிழை. டெசரக்ட், படக் கோப்புகளைத் திறந்து படிப்பதற்கு லெப்டோனிகா என்ற நிரலகத்தைச் சார்ந்திருக்கிறது. லெப்டோனிகாவோ பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் ஆகிய பட வடிவங்களுக்காகத் தனித்தனி நிரலகங்களைச் சார்ந்திருக்கிறது. இவற்றின் தலைப்புக் கோப்புகள் இல்லாத கணினியில் லெப்டோனிகாவை மூலநிரலிலிருந்து கட்டினால் கட்டும் பணி நிற்பதில்லை. அவ்வடிவங்கள் வேண்டாம் போலும் என்று கொண்டு, அவற்றைத் திறக்கும் ஆற்றலை விட்டுவிட்டு, அது வெற்றிகரமாக முடிந்துவிடுகிறது. அதன் மீது டெசரக்டும் வெற்றிகரமாகக் கட்டப்படுகிறது, நிறுவவும் படுகிறது, பதிப்பு எண்ணைக் கேட்டால் சரியாகச் சொல்கிறது. மின்வருடிய முதற் பக்கத்தைக் கொடுக்கும்போதுதான், பிஎன்ஜி படத்தைப் படிக்கும் செயற்கூறு இல்லை என்று செய்தி வருகிறது. பார்ப்பவர் படம் பழுதென்று எண்ணி வேறு படத்தைக் கொடுப்பார், பின்னர் டெசரக்ட் பழுதென்று எண்ணி அதனை அழித்து மீளக் கட்டுவார், பயன் இராது. தோட்டக் கிணற்றில் இறைப்பு இயந்திரம் ஓடியும் நீர் ஏறாவிட்டால், யாழ்ப்பாணத்து விவசாயி இயந்திரத்தைக் கழற்றுவதில்லை, கிணற்றுக்குள் கிடக்கும் புட்வால்வைத்தான் முதலில் பார்ப்பார். இங்கும் அவ்வாறே, இரண்டு படி கீழே சென்று, பட வடிவ நிரலகங்களின் டெவ் பொதிகளை நிறுவி, லெப்டோனிகாவை முதலிலிருந்து கட்டி, அதன்பின் டெசரக்டைக் கட்ட வேண்டும். டெசரக்டின் பதிப்பைக் கேட்கும் கட்டளை, லெப்டோனிகாவின் பதிப்பையும் அதனுள் சேர்ந்துள்ள பட நிரலகங்களின் பெயர்களையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டுகிறது. அவ்வரிகளைப் படித்திருந்தால் குறை முன்னரே தெரிந்திருக்கும்.

பயிற்சிக் கருவிகளின் நிலையும் இத்தகையதே. பழைய அச்செழுத்துகளுக்காக எழுத்துணரிக்குப் பயிற்சி கொடுக்க விரும்புவோர்க்கு டெசரக்டின் பயிற்சிக் கருவிகள் வேண்டும். அவை ஐசியு, பாங்கோ, கெய்ரோ ஆகிய நிரலகங்களைச் சார்ந்தவை. முதலாவது பல மொழி எழுத்துகளைக் கையாள்வது. மற்றவை அவ்வெழுத்துகளைப் படமாக வரைவன. இவை இல்லாதபோது கொன்ஃபிகர் நிரல் பிழை என்று நிற்காமல், பயிற்சிக் கருவிகளைக் கட்ட முடியாது என்ற ஓர் எச்சரிக்கையைத் தந்துவிட்டு அமைதியாக முடிகிறது. எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடந்து போகும் பழக்கம் இவ்விடத்தில் பல மணி நேரத்தை விழுங்கும். பயிற்சிக்கு அடிப்படையாகக் கொள்ளும் தமிழ்த் தரவிலும் கவனம் தேவை. வேகத்துக்கென முழு எண்களாகச் சுருக்கப்பட்ட தரவு ஒன்றும், துல்லியத்துக்கென உள்ள தரவு ஒன்றும் தனித்தனியே வழங்கப்படுகின்றன; பின்னையதன் மீது மட்டுமே பயிற்சியைத் தொடரலாம்.

நிறுவிய பின் தோன்றும் சிக்கல்கள் பெரும்பாலும் இருப்பிடம் பற்றியவை. ஆயத்தப் பொதிகள் ஒரு கோப்புறையிலும், தாமே கட்டி நிறுவியவை லோக்கல் என்று பெயருள்ள வேறொரு கோப்புறையிலும் தங்குகின்றன. இதனால் ஒரே கணினியில் இரண்டு டெசரக்டுகள் இருக்கலாம். கட்டளையைத் தட்டும்போது பழையதே இயங்கலாம். பகிரப்பட்ட நிரலகத்தைத் திறக்க இயலவில்லை என்ற செய்தி, புதிதாக வந்த நிரலகத்தைப் பற்றி முறைமையின் பட்டியல் அறியவில்லை என்பதைக் குறிக்கும். எல்டிகொன்ஃபிக் என்ற கட்டளை அப்பட்டியலைப் புதுப்பிக்கும். தமிழ்த் தரவை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும் இவ்வகையினதே: பொதியாக நிறுவிய தமிழ்த் தரவு பொதிக்குரிய கோப்புறையில் இருக்க, தாமே கட்டிய டெசரக்ட் லோக்கல் கோப்புறையில் அதனைத் தேடிக்கொண்டிருக்கும். தரவை அங்கே வைத்தாலோ, தரவின் இருப்பிடத்தைச் சூழல் மாறி ஒன்றின் மூலம் தெரிவித்தாலோ போதும்.

குடாநாட்டின் சூழலில் எழும் தடைகள் நிறுவற் கையேடுகளில் பெரும்பாலும் எழுதப்படாதவை. ஆகவே அவை இங்கு சற்று விரிவாகக் கூறப்படுகின்றன.

1990 முதல் பல ஆண்டுகள் பொது மின்வழங்கல் இன்றி வாழ்ந்த இந்நிலத்தில் இன்று மின்சாரம் உண்டெனினும், 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதற்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தை எவரும் மறந்திருக்க முடியாது. கட்டும் பணி நடக்கும்போது மின்சாரம் நின்றால், அந்நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த இடைநிலைக் கோப்பு பாதியில் நின்றுவிடும். மின்சாரம் மீண்ட பின் மேக் கட்டளை, அக்கோப்பின் நேர முத்திரை புதியதாக இருப்பதைக் கண்டு, அது முழுமையானது என்றே கொள்ளும். பின்னர் இணைப்பி, கோப்பின் வடிவம் அறியப்படவில்லை என்றோ கோப்பு துண்டிக்கப்பட்டுள்ளது என்றோ கூறும். இது மூலநிரலின் குறையன்று. மேக் கிளீன் கட்டளையால் இடைநிலைக் கோப்புகளை அழித்துவிட்டு மீளக் கட்டுதல் வேண்டும்.

இன்னொன்று, கணினியின் கடிகாரம். பழைய மேசைக்கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள சிறு வில்லை மின்கலம் தீர்ந்திருந்தால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அதன் விளைவுகள் கடிகாரத்தோடு தொடர்பற்றவை போலத் தோன்றுகின்றன. பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கூறி இணையத் தளங்கள் திறக்க மறுக்கும். பொதிக் களஞ்சியத்தின் அறிவிப்புக் கோப்பு ஏற்கப்படாது. புதிதாக உருவாக்கிய கோப்பு மூலநிரலைவிடப் பழையதாக இருக்கிறது என்று கொன்ஃபிகர் நிற்கும். மேக் கட்டளை, கோப்பின் நேரம் எதிர்காலத்தில் உள்ளது என்று எச்சரிக்கும். நான்கும் ஒரே காரணத்தால் வருபவை. திகதியைச் சரிசெய்து, மின்கலத்தை மாற்றினால் நான்கும் தீரும். ஆய்வுகூடத்தில் எதனையும் கட்டத் தொடங்குமுன் திகதியைப் பார்க்கும் வழக்கம் வேண்டும் என்பது இதனால்தான்.

தரவுச் செலவை மிச்சப்படுத்த, ஒருவர் இறக்கியதைப் பென்டிரைவில் மற்றவர் வாங்கிச் செல்வது இங்கு நல்ல வழக்கம்; அது தொடர வேண்டும். ஆனால் விரித்த கோப்புறையைப் படியெடுக்காமல், சுருக்கப்பட்ட மூலக் கோப்பை அப்படியே படியெடுக்க வேண்டும். பென்டிரைவுகளில் வழக்கமாக உள்ள ஃபற் வகைக் கோப்பு முறைமை, ஒரு கோப்பு இயக்கத்தக்கது என்ற அனுமதிக் குறிப்பையும் குறியீட்டு இணைப்புகளையும் பேணுவதில்லை. அதனால் கொன்ஃபிகர் நிரலை இயக்க அனுமதி இல்லை என்ற செய்தி வரும். விண்டோசில் திறந்து சேமித்த நிரலாயின், வரி முடிவுக் குறி மாறிப்போய், பொருத்தமற்ற மொழிபெயர்ப்பி என்ற விளங்காத செய்தி வரும். பாதியில் அறுந்த இறக்கமும் இவ்வாறே குழப்பம் தரும். கோப்புடன் வெளியிடப்படும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால் கோப்பு முழுமையானதா என்பது உடனே தெரிந்துவிடும். இடைவெளி உள்ள கோப்புறைப் பெயர்களைத் தவிர்ப்பதும் நன்று. கொன்ஃபிகர் நிரல்கள் அத்தகைய பாதையைப் பாதுகாப்பற்றதென நிராகரிக்கின்றன.

நினைவகம் குறைந்த மடிக்கணினிகளில், எண் குறிப்பிடாமல் மேக் கட்டளைக்கு ஜே என்ற விருப்பத்தைக் கொடுத்தால், அது வரம்பின்றிப் பல தொகுப்பிகளை ஒரே வேளையில் இயக்கும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கருவகம் அவற்றுள் ஒன்றைக் கொன்றுவிடும். கொல்லப்பட்டது என்ற ஒரு சொல் மட்டும் திரையில் எஞ்சும். ஒரு தொகுப்பியை மட்டும் இயக்கினால் நேரம் கூடும், ஆனால் பணி முடியும்.

இனி, செய்யக்கூடாதவை பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும். நான்காம் பதிப்பு நிரலகம் இல்லை என்று செய்தி வந்தால், ஐந்தாம் பதிப்புக் கோப்புக்கு நான்காம் பதிப்பின் பெயரில் ஓர் இணைப்பைச் செய்துவிடுமாறு கூறும் அறிவுரை பரவலாக உலவுகிறது. இது பொய்ச்சான்று வழங்குவதற்கு ஒப்பானது: மென்பொருள் தொடங்கும், பிறகு எதிர்பாராத இடத்தில் முறியும். அனுமதிச் சிக்கலுக்கு எல்லாக் கோப்புகளையும் எல்லோருக்கும் திறந்துவிடுதலும், முறைமையே நம்பியிருக்கும் பைதனை நீக்குதலும் இத்தகையவை. முறைமை நிர்வாகியின் அதிகாரத்தைக் கோரும் எந்தக் கட்டளையையும், அதன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று விளங்காமல் இயக்கலாகாது. கொள்கலன் முறையில் எல்லாம் ஆயத்தமாக வரும் பிம்பங்கள் பயனாளிக்கு உதவுவனவே. கற்கும் மாணவர் அவற்றை மட்டும் நம்பினால், எந்த அறிவைத் தேடி வந்தாரோ அது மூடிய பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும்.

உதவி கேட்கும் முறையும் கற்பிக்கப்பட வேண்டியது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழில் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் மாணவர், பிழைச்செய்தியைத் தம் சொற்களில் சுருக்கி எழுதத் தலைப்படுகிறார். அங்கேதான் காரணம் தொலைந்துபோகிறது. செய்தி வந்தவாறே, ஓர் எழுத்தும் மாறாமல், முதற்பிழையுடன் தரப்பட வேண்டும். அதனுடன் பணிசெயல் முறைமையின் பதிப்பு, தொகுப்பியின் பதிப்பு, இயக்கிய கட்டளைகள், எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவை எழுதப்பட வேண்டும். இவ்வளவும் எழுதி முடிக்குமுன்னரே விடை புலப்பட்டுவிடுவது அரிதன்று. ஆங்கிலம் பிழையாகிவிடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. திட்டங்களைப் பராமரிப்போர் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. அவர்கள் எதிர்பார்ப்பது முழுமையான விவரங்களையே.

கண்டறிந்த தீர்வை அதே திட்டத்துக்குத் திருப்பி அனுப்புதலும் கடமையாகும். நிறுவற் கையேட்டில் விடுபட்ட ஒரு பொதியின் பெயரைச் சேர்க்கும் ஒற்றை வரித் திருத்தமும் மதிப்புள்ள பங்களிப்பே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் தொடங்கிய சகானா என்ற அனர்த்த முகாமை மென்பொருள் பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. இலங்கையில் எழுதப்பட்ட நிரலை வேறு நாட்டவர் தம் கணினிகளில் நிறுவி இயக்க முடிந்தமையால்தான் அது சாத்தியமாயிற்று.

ஆசிரியர்களிடமும் ஆய்வுகூடப் பொறுப்பாளர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. செய்முறைப் பாடத்தில் மென்பொருள் இயங்கியதற்கு மட்டும் புள்ளி வழங்காது, இயங்காதபோது மாணவர் காரணத்தைத் தேடிய வழியை எழுதிக் காட்டும் குறிப்புக்கும் புள்ளி வழங்குக. ஒவ்வொரு ஆய்வுகூடத்திலும் நிறுவற் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, பிழைச்செய்தியை மூல வடிவிலும் காரணத்தையும் தீர்வையும் தமிழிலும், திகதியுடனும் பதிப்பு எண்களுடனும் எழுதி வைக்கவும். ஆண்டுதோறும் புதிய அணி அதே பிழையில் அதே நாள்களை இழப்பது தடுக்கப்படக்கூடிய இழப்பு. அடிக்கடி வேண்டப்படும் பொதிகளையும் மூலக் கோப்புகளையும் ஆய்வுகூடத்தின் ஒரு கணினியில் சேமித்து, இணையம் தளரும் நாளிலும் மாணவருக்குக் கிடைக்கச் செய்க. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை.

மாணவர்களிடம் வேண்டுவது ஒன்றே. இவ்வாண்டு டெசரக்டையோ ஃபோமாவையோ மூலநிரலிலிருந்து ஒருமுறை கட்டிப் பார்க்கவும். ஈழநாட்டின் பழைய இதழ் ஒன்றின் மின்வருடிய பக்கத்தையோ, ஐந்து தமிழ் வினைச்சொற்களையோ அதற்குக் கொடுத்துச் சோதிக்கவும். அது தவறாகப் படித்த எழுத்துகளையும், தாம் சந்தித்த நிறுவற் பிழைகளையும் பதிவேட்டின் முதற் பக்கத்தில் எழுதி, அடுத்த அணியிடம் ஒப்படைக்கவும்.